பூ வடகறி

தம்பி, அந்தப் பையில கால் படாமப் பாத்துக்கோங்க. தப்பா எடுத்துக்காதீங்க, உள்ள புடவை இருக்கு. புதுசு. யாருக்குன்னு கேளுங்க. எங்க கேப்பீங்க, காதுல வெள்ளை வெள்ளையா ரெண்டு மாட்டிட்டிருக்கீங்களே. ஆங், கழட்டிட்டீங்க. நல்ல பிள்ளை. போளூர் வரைக்குமா? நாங்களும் அங்கதான். அப்ப நிதானமாவே சொல்லலாம். நான் அதிகம் பேசற ஆள் இல்ல, கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொல்வேன்.

அதோ, டிரைவருக்குப் பின்னாடி மூணாவது சீட்டு, ஜன்னலோரம், வெள்ளை முடி, காதுல பெரிய கம்மல். அது எங்க மாமியார். எண்பத்தி மூணு வயசு. இந்தப் பயணத்துக்கு வரவே மாட்டேன்னாங்க. இப்ப ஜன்னல் சீட்டுதான் வேணும்னு யாரோ ஒரு ஆபீசரை எழுப்பி விட்டுட்டு உக்காந்திருக்காங்க. பக்கத்துல தூங்கறாரே, அது எங்க வீட்டுக்காரரு ஏகாம்பரம். பஸ் டிப்போவுல மெக்கானிக்கா இருந்து ரிட்டையர் ஆனவரு. பஸ்ல ஏறினதும் தூங்கிடுவாரு, எஞ்சின் சத்தம் மாறினா மட்டும் முழிப்பாரு.

என் பேரு ரங்கநாயகி. ஸ்ரீரங்கமான்னு எல்லாரும் கேப்பாங்க. இல்ல, ரங்கூன். எங்கப்பா ரங்கூன்ல பிறந்தவரு. அறுபத்தி நாலுல அங்க இருந்து நம்ம ஆளுங்களை எல்லாம் அனுப்பி விட்டாங்களே, அப்ப கப்பல்ல வந்து மெட்ராஸ்ல இறங்கினாரு. வியாசர்பாடி பர்மா காலனியில ஒரு குடிசை, வாசல்ல ஒரு அத்தோ கடை. அத்தோ சாப்பிட்டிருக்கீங்களா? அந்த பர்மா நூடுல்ஸ்தான். பிறந்த ஊரை மறக்கக் கூடாதுன்னு பொண்ணுக்கு ரங்கநாயகின்னு வெச்சாரு. நான் ஒரே பொண்ணு. அண்ணன் தம்பி கிடையாது.

அப்பாவுக்கு ரங்கூன் தெருவெல்லாம் மனப்பாடம். ஆனா அதுக்கு முன்னாடி நமக்கு எந்த ஊருன்னு கேட்டா, வடாற்காடு ஜில்லான்னு மட்டும் சொல்வாரு. அதுக்கு மேல தெரியாது. "எங்க தாத்தாவுக்கு ஒரு அண்ணன் இருந்தாராம், அவரு வேற கப்பல்ல ஏறிட்டாராம்" அப்படின்னு இன்னொரு வரி சொல்வாரு. எங்க குடும்ப வரலாறு அந்த ரெண்டு வரிதான். ஊர் இல்ல, பங்காளி இல்ல, குலசாமி இல்ல.

குலசாமி இல்லன்னா இப்ப என்ன குடிமுழுகிப் போச்சுன்னு நினைப்பீங்க. உங்களுக்குக் கல்யாணம் ஆகட்டும், அப்பத் தெரியும். முதல் பத்திரிகையைக் குலசாமி முன்னாடிதான் வெக்கணும். என் பத்திரிகையை எங்க வெக்கறதுன்னு தெரியாம அப்பா தெருமுனைப் பிள்ளையார்கிட்ட வெச்சாரு. வெச்சுட்டு அங்கேயே நின்னு அழுதாரு. நான் பாத்தேன். அவரு போய்ச் சேர்ந்து பன்னெண்டு வருஷம் ஆச்சு, அந்த முகம் இன்னும் போகல.

நான் வாக்கப்பட்டுப் போன வீட்டுக்கு ஒரு சாமி இருக்கு. பூவாடைக்காரி. உங்க பக்கம் உண்டா? வெளியில கோயில் கோபுரம்னு ஒண்ணும் கிடையாது. அந்த வீட்டுல வாழ்ந்து, பூவும் பொட்டுமா செத்துப் போன ஒரு பொண்ணு. அவளைத்தான் சாமியாக் கும்புடுவாங்க. தை மாசம் ஒரு வெள்ளிக்கிழமை ஏரிக்கரைக்குப் போய் அவளைக் கூப்பிட்டுட்டு வந்து, செம்புல தண்ணி வெச்சு, பூ வெச்சு, புதுப் புடவை வெச்சுப் படைப்பாங்க. வீட்டுல கல்யாணம்னா அதுக்கு முன்னாடியும் உண்டு. படைச்ச புடவையை அந்த வீட்டுப் பொண்ணு கட்டிக்கணும். அந்த வீட்டுல பிறந்த பொண்ணு, கவனிங்க. வாழ வந்தவ இல்ல. அதனால தை பிறந்தா எங்க நாத்தனா தேவகி பெருங்களத்தூர்ல இருந்து கரெக்டா வந்து இறங்கிடுவா. நான் கணக்கு வெச்சுக்கற ஆள் இல்ல. முப்பத்தி நாலு புடவை.

கல்யாணமான முதல் வருஷம், எனக்கு எப்ப புடவை கிடைக்கும்னு மாமியார்கிட்ட தெரியாத்தனமா கேட்டுட்டேன். "உங்க வீட்டுப் பூவாடைக்காரிக்குப் படைச்சு நீ கட்டிக்கோடி. பர்மாவுல பூவாடைக்காரி இருக்காளா இன்னா?"ன்னாங்க. அன்னைல இருந்து என் பேரு பர்மாக்காரி. பர்மாக்காரி, பால் பொங்குது. பர்மாக்காரி, உன் புள்ள அழுவுது. நான் அதையெல்லாம் மனசுல வெச்சுக்கவே இல்ல தம்பி. தொண்ணூத்தி ஒண்ணு, பிப்ரவரி மாசம், எட்டாம் தேதி, சாயங்காலம் நாலரை மணி இருக்கும். மறந்தே போச்சு.

சரி, கதைக்கு வரேன். என் பையன் பரணி அமெரிக்காவுல இருக்கான். போன மே மாசம் லீவுல வந்தப்ப ஒரு சின்ன டப்பா கொண்டு வந்தான். உள்ள ஒரு குழாய். "அம்மா, இதுல எச்சில் துப்பிக் குடு. நம்ம பூர்வீகம் என்னன்னு சொல்லிடுவாங்க"ன்னான். பூர்வீகம்னு அவன் சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. அப்ப குலசாமியும் வந்துடும்ல? ஊரும் சாமியும் இல்லாம என்ன பூர்வீகம்? நான் அவனைத் திருப்பிக் கேக்கல. தலைக்குக் குளிச்சுட்டு, விளக்கேத்திட்டு, கிழக்கப் பாத்து உக்காந்துட்டேன்.

எங்க மாமியாரைப் பத்தி ஒண்ணு சொல்லணும். சொம்பைத் தூக்கி அண்ணாந்து குடிக்கறவங்க. எச்சில் பட்ட இடத்தை மூணு தடவை கழுவறவங்க. அவங்க வந்து பாத்துட்டு, "இன்னாடி பர்மாக்காரி, எச்சிலைப் பார்சல் கட்டறியா? அமெரிக்காவுல எச்சில் கெடைக்காதா?"ன்னாங்க. எனக்கு வாயே வறண்டு போச்சு. குழாயில ஒரு கோடு போட்டிருக்கான், அது வரைக்கும் துப்பணும், நுரை சேராது. முன்னாடி தண்ணிகூடக் குடிக்கக் கூடாது. அரை மணி நேரம் ஆகியும் பாதிக் கோடுகூட வரல. அந்த நேரம் பாத்து மாமியார் என் எதிர்ல வந்து சம்மணம் போட்டு உக்காந்து, கிளிமூக்கு மாங்காயை அரிஞ்சு, உப்பும் மிளகாத்தூளும் தொட்டு ஒவ்வொரு துண்டா கடிக்கறாங்க. வேணும்னேதான். என்னை வெறுப்பேத்தத்தான். அவங்களுக்கு மாங்காய் கடிக்கற அளவுக்குப் பல்லே கிடையாது, பாத்துக்கோங்க. ஆனா குழாய் கோட்டைத் தாண்டி வழிஞ்சுடுச்சு.

பையன் அதைப் பத்திரமா எடுத்துட்டுப் போனான். நான் இன்னைக்கு வரைக்கும் பிளேன் ஏறினதில்ல, என் எச்சில் ஏறிடுச்சு.

ரெண்டு மாசம் கழிச்சு ரிப்போர்ட் வந்தது. வீடியோ கால்ல பரணி படிக்கிறான். தென்னிந்தியா, தென்னிந்தியா, இன்னும் கொஞ்சம் தென்னிந்தியா. பர்மா பூஜ்யம். நான் போனைத் தூக்கிட்டு நேரா மாமியார்கிட்ட ஓடினேன். "அத்த, பாருங்க, நான் பர்மாக்காரி இல்ல. அமெரிக்காக்காரனே எழுதிக் குடுத்துட்டான்!" அவங்க முறத்துல இருந்து தலையைக்கூட நிமித்தல. "வெச்ச பேரு வெச்சதுதான்டி"ன்னாங்க. ஜெயிச்சுட்டேன்னு சமையல்கட்டுக்கு வந்தேன், வந்ததும் எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. எங்கப்பா சாகற வரைக்கும் பேசினதெல்லாம் அந்த ஊரைத்தானே. அவரு பொண்ணு உடம்புல அது பூஜ்யமா? கொஞ்சமாவது ஒட்டியிருக்கக் கூடாதா?

"சரிடா, சாமி பேரு எந்தப் பக்கத்துல இருக்கு?"ன்னு கேட்டேன். பரணி சிரிக்கிறான். "அம்மா, இதுல சாமியெல்லாம் வராதும்மா." எனக்கு வந்துச்சே கோவம். "அப்ப எதுக்குடா அவ்ளோ எச்சில்?"னு போனை வெச்சுட்டேன்.

ஐப்பசி மாசம் அவனே கூப்பிட்டான். "அம்மா, உன்னோட ஒத்துப்போற ஒருத்தங்க கிடைச்சிருக்காங்க. தென்னாப்பிரிக்காவுல, டர்பன்ல. உனக்கும் அவங்களுக்கும் கொள்ளுத்தாத்தாக்கள் அண்ணன் தம்பியா இருக்கலாம்." அந்த வேற கப்பல்! அப்பா சொன்ன அந்த வேற கப்பல்!

அவங்க பேரு கோகி முன்சாமி. கோகிலம் கோகியாயிடுச்சு, முனுசாமியில ஒரு 'உ' கடல்ல விழுந்துடுச்சு போல. பள்ளிக்கூடத்துல டீச்சரா இருந்தவங்க, என் வயசுதான் இருக்கும். வீடியோல பாத்ததும் ரெண்டு பேரும் அழுதுட்டோம். அப்புறம் என்ன பேசறதுன்னு தெரியல. அவங்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இங்கிலீஷ் வராது. பரணி நடுவுல உக்காந்து ரெண்டு பக்கமும் சொன்னான். கப்பல்ல வந்தவங்க பேரு எழுதி வெச்ச பழைய லிஸ்ட்டுல இருந்து ஒரு காகிதம் வெச்சிருக்காங்க. ஜில்லா வடாற்காடு, தாலுகா போளூர். ஊர் பேர் மேல மட்டும் மை கொட்டிக் கிடக்கு. எவனோ ஒரு குமாஸ்தா, நூத்திமுப்பது வருஷம் முன்னாடி, அந்த எழுத்து மேலதான் கொட்டணுமா?

கடைசியா கோகி ஒண்ணு கேட்டாங்க. "மார்ச் மாசம் என் பொண்ணுக்குக் கல்யாணம். எங்க வீட்டுல கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு கறி செய்வோம். பூவடக்கறி. எங்கம்மா போனதுக்கு அப்புறம் அது சரியா வரவே மாட்டேங்குது. உங்க வீட்டுல எப்படிச் செய்வீங்க?" அவங்க எப்படிச் செய்யறாங்கன்னு கேட்டா, வடை சுட்டுக் குழம்புல போட்டு மேல ரோஜாப்பூ தூவறாங்களாம். அவங்களுக்குத் தெரிஞ்ச தமிழே பூ, வடை, கறி. மூணையும் சேத்துட்டாங்க.

எனக்குத் தலைகால் புரியல. வடகறி! நம்ம மெட்ராஸ் வடகறி, தம்பி! அதைக் கண்டுபிடிச்சதே எங்க பரம்பரைதான் போலிருக்கு! பூன்னா ரோஜாப்பூவா? வாழைப்பூவாத்தான் இருக்கணும். மூணு நாள் ஒவ்வொருத்தரா விசாரிச்சேன், யாருக்கும் தெரியல. அவங்களுக்கு எப்படித் தெரியும், அது எங்க வீட்டு ரகசியமாச்சே. நானே யோசிச்சு, வாழைப்பூ ஆய்ஞ்சு, கடலைப்பருப்பு அரைச்சு, வடையாச் சுட்டு உதுத்துப் போட்டு, பட்டை சோம்பு தாளிச்சு, ஒரு ஞாயித்துக்கிழமை காலையில இட்லிக்கு வெச்சேன்.

மாமியார் ஒரு வாய் போட்டுட்டு, "இன்னாடி இது?"ன்னாங்க.

"எங்க வீட்டுக் கறி, அத்த." எனக்கு அன்னைக்குத்தான் அப்படிச் சொல்ற பாக்கியம் கிடைச்சது, எங்க வீட்டுக் கறி. "பூ வடகறி. டர்பன்ல எங்க சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு முன்னாடி செய்வாங்களாம். சும்மா இல்ல, செம்புல தண்ணி வெச்சு, பூ வெச்சு, புதுப் புடவை வெச்சு..."

அவங்க கை வாய்க்குப் பக்கத்துல அப்படியே நின்னுடுச்சு. "புதுப் புடவையா?"

"ஆமா அத்த. கறிக்கு எதுக்குப் புடவைன்னு கோகிக்கே தெரியலையாம். அவங்கம்மா வெச்சாங்க, அதனால வெக்கறாங்களாம்."

"அந்தப் புடவையை அப்புறம் யாரு கட்டுவா?"

"பொண்ணுதான். கோகிதான் கட்டுவாங்களாம்."

எங்க மாமியார் தட்டைத் தள்ளி வெச்சாங்க. எழுந்து போய்க் கையைக் கழுவினாங்க. மூணு தடவை. வந்து என் முன்னாடி நின்னு, "அடி பர்மாக்காரி, அது கறி இல்லடி. காரி! பூவாடைக்காரி!"ன்னாங்க.

முப்பத்தி நாலு வருஷமா அந்தப் பேரை அந்த வீட்டுல கேக்கறேன் தம்பி. செம்பு, பூ, புடவை எல்லாம் நானே எடுத்து வெச்சிருக்கேன். என் மண்டையில உறைக்கல. என் மனசுல வடகறிதான் ஓடிச்சு. அப்படியே தரையில உக்காந்து அழுதேன். எனக்கு ஒரு சாமி இருந்திருக்கா. டர்பன் இருக்கற அந்த நேட்டாலுக்குப் போனவன் வீட்டுல குழம்புச் சட்டிக்குள்ள ஒளிஞ்சுட்டு உயிரோட இருந்திருக்கா.

இந்த சந்தோஷம் சாயங்காலம் வரைக்கும்கூட நிலைக்கல. தேவகிக்கு விஷயம் போயிடுச்சு. போன்லயே ஆரம்பிச்சுட்டா: "எங்க சாமியும் பூவாடைக்காரி, உங்க சாமியும் பூவாடைக்காரின்னா நாம பங்காளிங்க ஆயிடுவோமே அண்ணி! ஒரே சாமி கும்புடறவங்க கட்டிக்கலாமா? நீயும் அண்ணனும் கூடப் பிறந்தவங்க முறை ஆயிடுதே!" எங்க வீட்டுக்காரரு மூஞ்சியைப் பாக்கணுமே. பாதி டீயிலேயே டம்ளரை வெச்சுட்டாரு. முப்பத்தி நாலு வருஷ சம்சாரம், அமெரிக்காவுல ஒரு பிள்ளை. "பரணிகிட்ட சொல்லி எனக்கும் ஒரு குழாய் அனுப்பச் சொல்லு"ன்றாரு.

மாமியார்தான் போனைப் பிடுங்கி, "வாயை மூடுடி. பூவாடைக்காரி வீட்டுக்கு வீடு வேறடி. அந்தந்த வீட்டுல செத்த பொண்ணு அந்தந்த வீட்டுக்குச் சாமி. நம்ம வீட்டவ வேற, இவ வீட்டவ வேற"ன்னு வெச்சுட்டாங்க. எங்க வீட்டுக்காரருக்கு அப்பத்தான் மூச்சே வந்தது. ஆனா இன்னமும், சண்டை வந்தா போதும், என்னைத் தங்கச்சின்னு கூப்பிடுவாரு.

பரணி ஒரு சந்தேகம் சொன்னான். அதையும் மறைக்கக் கூடாது. இந்த ஒத்துமை அப்பா வழியா அம்மா வழியான்னு அடிச்சு சொல்ல முடியாதாம். ஊர் பேரும் இல்ல, தாலுகா ஒத்து வர்றதை வெச்சு இதுதான் அதுன்னு சொல்ல முடியாதாம். நீங்க ஏன் தம்பி தலையாட்டறீங்க? நீங்களும் சயின்ஸா? அவனுக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். எந்த வழியா இருந்தா என்ன? என் எச்சில்ல இருந்துதானே வந்தா!

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தோணிச்சு. ஒருத்தன் ரங்கூனுக்குப் போயிட்டான். ஒருத்தன் நேட்டாலுக்குப் போயிட்டான். எங்க பூவாடைக்காரி இங்கயே ஏரிக்கரையில நின்னுட்டா. அந்தப் பக்கத்துல இருந்தாவது வருஷத்துக்கு ஒரு புடவை, வடையோடயோ ரோஜாப்பூவோடயோ, போயிட்டிருந்திருக்கு. எங்க பக்கத்துல இருந்து ஒண்ணுமே போகல. அவ பேரு என்ன, எந்த வயசுல போனா, ஒண்ணும் தெரியாது. ஆனா புடவைக்குக் காத்திருக்கற பொண்ணு மனசு எனக்குத் தெரியும் தம்பி. அதுல நான் அனுபவஸ்தி.

ஆனா படைக்கறதுக்கு எங்கப்பா வீடு எங்க இருக்கு? குடிசை இருந்த இடத்துல இப்ப செல்போன் கடை. மாமியாரே சொன்னாங்க. "தாலுகா தெரியுதில்ல, அது போதும். அந்தத் தாலுகாவுல ஒரு ஏரிக்கரையில செம்பை வெச்சுக் கூப்பிடு. வருவா. கூட்டிட்டு வந்து நம்ம வீட்டுலயே ஒரு மூலையில வை." எங்க வீட்டுக்காரரு, "ஒரே வீட்டுல ரெண்டு பூவாடைக்காரியா? சண்டை போட்டுக்க மாட்டாங்களா?"ன்னு கேட்டாரு. "நாங்க ரெண்டு பேரும் இருக்கலையா?"ன்னாங்க.

புடவையும் அவங்கதான் எடுத்தாங்க. மஞ்சள், அரக்குக் கரை. கடையில நாப்பது புடவை பிரிச்சுப் போட வெச்சு, எதுவும் பிடிக்காம, முதல்ல பாத்ததையே எடுத்தாங்க. இன்னைக்கு ஏரிக்கரையில படைப்போம். கோகி வீடியோவுல வருவாங்க, நேரம் குறிச்சாச்சு. படைச்சு முடிச்சதும் புடவையை அந்த வீட்டுல பிறந்த பொண்ணு கட்டிக்கணும். இப்ப சொல்லுங்க தம்பி, யாருக்கு? ஆங்! நீங்களே சொல்லிட்டீங்க. ஐம்பத்தெட்டு வயசுல முதல் தடவை.

என்ன, ஸ்டாண்டு வந்துடுச்சா? இருங்க, பையை நான் எடுத்துக்கறேன். பாருங்க, எஞ்சின் நின்னதும் எங்க வீட்டுக்காரரு முழிச்சுட்டாரு. மாமியார் அதுக்குள்ள கண்டக்டரைப் பிடிச்சுட்டாங்க. இங்க ஏரி எங்கடா இருக்குன்னு அந்தப் பிள்ளையைக் கேக்கறாங்க. அவனும் பாவம், எந்த ஊருக்குப் போகணும் பாட்டி, ஊர் பேரைச் சொன்னாத்தானே நான் வழி சொல்ல முடியும்னு கேக்கறான். என்ன சொல்வாங்க, மை கொட்டின ஊருக்கா?

தம்பி... கேட்டீங்களா? அவங்க சொன்னது கேட்டுச்சா? "ஊர் பேரெல்லாம் தெரியாதுப்பா. இது எங்க மருமவளோட தாய் வீடு."

அப்படித்தானே சொன்னாங்க? என் காது நல்லாத்தான் கேக்கும். இருந்தாலும் நீங்க ஒரு தடவை சொல்லுங்க.